பெயரை விளக்கும் தொடர்

நுழையும்முன்

ஒரு கருத்தைக் கூறுவது வேறு. அக்கருத்து செய்தியா, உண்மையா, வதந்தியா எனப் பெயரிட்டுக் கூறுவது வேறு. 'அணை நிரம்பிவிட்டது' என்பது ஒரு கூற்று. 'அணை நிரம்பிவிட்டது என்ற வதந்தி' என்னும்போது அதே கூற்றின் மதிப்பு மாறிவிடுகிறது. ஒரு பெயர்ச்சொல்லும் அதன் உள்ளடக்கமாகிய தொடரும் இணைந்து நிற்கும் இவ்வமைப்பு தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. இரு மொழிகளும் இதனைக் கையாளும் முறையை ஒப்பிட்டு அறிவது, பிழையற மொழிபெயர்க்கவும் தெளிவுற எழுதவும் துணைபுரியும்.

பெயரொடு பெயர் ஒட்டுதல்

'மல்லிகைப்பூ', 'சாரைப்பாம்பு', 'மார்கழித் திங்கள்' ஆகியவற்றை இருபெயரொட்டுப் பண்புத்தொகை என இலக்கணம் கூறும். இவற்றில் முதலில் நிற்பது சிறப்புப்பெயர். அடுத்து நிற்பது பொதுப்பெயர். இரண்டும் ஒரே பொருளையே குறிக்கின்றன. மல்லிகை வேறு, பூ வேறு அன்று. மல்லிகையாகிய பூ என்பதே பொருள். 'ஆகிய' என்னும் பண்புருபு இடையில் மறைந்து நிற்கிறது.

ஆங்கிலத்திலும் இத்தகைய ஒட்டு உண்டு. 'மை ஃபிரண்ட் மணி' என்னும் தொடரில் 'ஃபிரண்ட்' என்பதும் 'மணி' என்பதும் ஒருவரையே குறிக்கின்றன. 'தி சிட்டி ஆஃப் மதுரை' என்பதில் நகரமும் மதுரையும் ஒன்றே. இவ்வாறு ஒரு பெயரின் அருகில் அதே பொருளைத் தரும் மற்றொரு பெயர் நிற்பதை ஆங்கில இலக்கணம் 'அப்பொசிஷன்' என்று வழங்குகிறது. 'அருகில் வைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது.

இரு மொழிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு இங்கேயே புலப்படுகிறது. தமிழில் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் வரும். ஆங்கிலத்தில் மேற்காட்டிய தொடர்களில் பொதுப்பெயர் முன்னும் சிறப்புப்பெயர் பின்னும் வந்துள்ளன. 'மதுரை என்னும் நகரம்' என்பதை ஆங்கிலம் ஏறத்தாழத் தலைகீழாக வைக்கிறது. இந்த வரிசைமாற்றத்தை நினைவில் கொண்டால் அடுத்து வருவன எளிதில் விளங்கும்.

பெயரொடு தொடர் ஒட்டுதல்

பெயருக்குப் பெயரே விளக்கமாக வரும் என்பதில்லை. எழுவாயும் பயனிலையும் கொண்ட ஒரு முழுத் தொடரும் பெயருக்கு விளக்கமாக வரலாம்.

மழை பெய்யும் என்னும் நம்பிக்கை உழவரிடம் இருந்தது.

இத்தொடரில் 'நம்பிக்கை' என்பது பெயர். அந்நம்பிக்கை யாது? மழை பெய்யும் என்பதே. மல்லிகையும் பூவும் ஒன்றாவதுபோல, 'மழை பெய்யும்' என்ற கூற்றும் 'நம்பிக்கை' என்ற பெயரும் இங்கு ஒன்றாகின்றன. வேறுபாடு ஒன்றே: அங்குச் சிறப்புப்பெயர் நின்ற இடத்தில் இங்கு ஒரு தொடர் நிற்கிறது.

ஆங்கில இலக்கணம் இதனை 'நவுன் கிளாஸ் இன் அப்பொசிஷன்' என வழங்குகிறது. பெயர்ச்சொல்லைப்போல் இயங்கி, மற்றொரு பெயரோடு ஒட்டிநின்று, அதன் உள்ளடக்கத்தைக் கூறும் துணைத்தொடர் என்பது இதன் பொருள். இப்பாடத்தில் அது 'ஒட்டுத்தொடர்' என்றும், அது விளக்கும் பெயர் 'தலைப்பெயர்' என்றும் குறிக்கப்படுகின்றன.

எல்லாப் பெயர்களும் ஒட்டுத்தொடரை ஏற்பதில்லை. கல், மரம், நாற்காலி போன்ற காட்சிப் பொருள்களின் பெயர்களுக்கு உள்ளடக்கமாக ஒரு கூற்று இருக்க இயலாது. செய்தி, உண்மை, கருத்து, நம்பிக்கை, ஐயம், அச்சம், வதந்தி, வாக்குறுதி, கோரிக்கை, தீர்மானம் முதலிய கருத்துப் பெயர்களே ஒட்டுத்தொடரை ஏற்கும். ஆங்கிலத்தில் நியூஸ், ஃபாக்ட், ஐடியா, பிலீஃப், டவுட், ஃபியர், ரூமர், பிராமிஸ், டிமாண்ட் முதலியன இவ்வகையின.

ஆங்கிலத்தில் இரட்டைத் தோற்றம்

ஆங்கிலத்தில் ஒட்டுத்தொடரைப் பெரும்பாலும் 'தட்' என்னும் சொல் தொடங்கிவைக்கிறது. பெயரெச்சப் பொருளில் வரும் துணைத்தொடரையும் அதே சொல் தொடங்கிவைப்பதுண்டு. மாணவர் இடர்ப்படும் இடம் இதுவே. கீழ்வரும் இரு தொடர்களை நோக்குக.

ஒன்று: தி நியூஸ் தட் தி டேம் இஸ் ஃபுல் ரீச்டு தி வில்லேஜ்.

இரண்டு: தி நியூஸ் தட் தி போஸ்ட்மேன் பிராட் ரீச்டு தி வில்லேஜ்.

முதல் தொடரின் பொருள், 'அணை நிரம்பியுள்ளது என்ற செய்தி ஊரை எட்டியது' என்பதாகும். இரண்டாம் தொடரின் பொருள், 'அஞ்சல்காரர் கொண்டுவந்த செய்தி ஊரை எட்டியது' என்பதாகும். முதல் தொடர் செய்தி யாது எனக் கூறுகிறது. இரண்டாம் தொடர் எந்தச் செய்தி என்று மட்டும் அடையாளம் காட்டுகிறது. அச்செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. முதலாவது ஒட்டுத்தொடர், இரண்டாவது பெயரெச்சத் தொடர்.

இவ்விரண்டையும் பகுத்தறிய நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, தலைப்பெயருக்கும் துணைத்தொடருக்கும் இடையில் 'இஸ்' என்னும் சொல்லை வைத்துப் பார்த்தல். 'தி நியூஸ் இஸ் தட் தி டேம் இஸ் ஃபுல்' என்பது பொருள் நிறைந்த தொடர். 'தி நியூஸ் இஸ் தட் தி போஸ்ட்மேன் பிராட்' என்பது நிறைவு பெறாமல் நிற்கிறது. பொருள் நிறைந்தால் அது ஒட்டுத்தொடர்.

இரண்டாம் வழி, 'தட்' என்பதை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தனித்து நோக்குதல். 'தி டேம் இஸ் ஃபுல்' என்பது தனியே நிற்கும் ஆற்றலுடையது. 'தி போஸ்ட்மேன் பிராட்' என்பதில் எதைக் கொண்டுவந்தார் என்னும் செயப்படுபொருள் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதே அங்கு வரும் 'தட்' என்னும் சொல்லின் பணி. ஒட்டுத்தொடரில் வரும் 'தட்' எந்த இடத்தையும் நிரப்புவதில்லை. தொடரைப் பெயரோடு இணைப்பதோடு அதன் பணி முடிகிறது.

மூன்றாம் வழி, 'தட்' என்பதற்கு மாற்றாக 'விச்' என்பதை வைத்தல். 'தி நியூஸ் விச் தி போஸ்ட்மேன் பிராட்' என்பது பிழையற்றது. 'தி நியூஸ் விச் தி டேம் இஸ் ஃபுல்' என்பது பிழையானது. 'விச்' பொருந்தினால் அது பெயரெச்சத் தொடர்.

நான்காம் வழி, 'தட்' என்பதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தல். 'தி நியூஸ் தி போஸ்ட்மேன் பிராட்' என்பது ஆங்கிலத்தில் இயல்பாக வழங்கும். ஒட்டுத்தொடரில் 'தட்' என்பதை விடுவது எழுத்துநடைக்குப் பெரும்பாலும் ஒவ்வாது. ஆயினும், பேச்சில் இது சில வேளைகளில் விடப்படுவதால், முதல் மூன்று வழிகளுக்குத் துணையாக மட்டுமே இதனைக் கொள்ளவேண்டும்.

சில தொடர்களில் இவ்வழிகளுள் ஒன்றைத் தனியே கொண்டு முடிவு காண இயலாது. 'தி ஃபாக்ட் தட் ஹி ஃபர்காட் சர்ப்ரைஸ்டு அஸ்' என்னும் தொடருக்கு இரு பொருள்கள் உண்டு. அவர் மறந்துவிட்டார் என்பதே வியப்பளித்தது என்பது ஒரு பொருள். ஏதோ ஓர் உண்மையை அவர் மறந்திருந்தார். அந்த உண்மை வியப்பளித்தது என்பது மற்றொரு பொருள். 'ஃபர்காட்' என்னும் வினை செயப்படுபொருளோடும் வரும், அஃதின்றியும் வரும் என்பதே இதற்குக் காரணம். இங்கு முன்பின் தொடர்களே பொருளைத் தெளிவிக்கும்.

ஆங்கிலத்தில் ஒட்டுத்தொடர் எப்போதும் தலைப்பெயரை அடுத்தே நிற்கும் என்பதும் இல்லை. 'தி நியூஸ் கேம் தட் தி டேம் வாஸ் ஃபுல்' என்னும் தொடரில், தலைப்பெயருக்கும் ஒட்டுத்தொடருக்கும் இடையே முதன்மைத் தொடரின் வினை புகுந்துள்ளது. நீண்ட ஒட்டுத்தொடரை இறுதிக்குத் தள்ளும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. வினாப்பொருளுடைய தலைப்பெயர் வந்தால், 'தட்' என்பதற்கு மாற்றாக 'வெதர்' வரும். 'தி கொஸ்டின் வெதர் ஹி வில் கம்' என்பது தமிழில் 'அவர் வருவாரா என்ற வினா' என்றாகும்.

தமிழ் பகுத்துக்காட்டும் முறை

ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் இரண்டு உறவுகளைத் தமிழ் பெரும்பாலும் வெவ்வேறு வடிவங்களால் குறிக்கிறது. 'அவர் மறந்த உண்மை' என்பது பெயரெச்சத் தொடர். 'அவர் மறந்துவிட்டார் என்ற உண்மை' என்பது ஒட்டுத்தொடர். வினைமுற்று நின்று, அதன்பின் 'என்ற', 'என்கிற', 'என்னும்', 'எனும்' ஆகியவற்றுள் ஒன்று வருமாயின் அது ஒட்டுத்தொடர் என எளிதில் உணரலாம். மேலே இரு பொருள் பட்ட ஆங்கிலத் தொடர் தமிழில் இரு தொடர்களாகப் பிரிந்துவிடுகிறது.

பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை நன்னூல் ஆறாக வகுக்கும். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அவை. 'பாடிய புலவர்' என்பது செய்பவரைக் கொண்டது. 'எழுதிய கோல்' கருவியையும், 'வாழ்ந்த வீடு' நிலத்தையும், 'வந்த வரவு' செயலையும், 'பிறந்த நாள்' காலத்தையும், 'பாடிய பாட்டு' செய்பொருளையும் கொண்டன. 'அஞ்சல்காரர் கொண்டுவந்த செய்தி' என்பதில் செய்தி செய்பொருளாகும்.

'அவர் வந்த செய்தி ஊரெங்கும் பரவியது' என்னும் தொடரும் தமிழில் வழங்குகிறது. இங்கு 'என்ற' இல்லை, பெயரெச்சமே உள்ளது. ஆனால், செய்தி வந்தவரும் அன்று. வருவதற்குரிய கருவியோ இடமோ காலமோ அன்று. வருதல் என்னும் செயலும் அன்று. அவர் வந்தார் என்பதே அச்செய்தி. ஆகவே, வடிவத்தால் பெயரெச்சமாக நிற்கும் இது, பொருளால் ஒட்டுத்தொடராக இயங்குகிறது. ஆறு பெயர்களுள் ஒன்றாகத் தலைப்பெயர் அமைகிறதா என வினவிப் பார்ப்பதே இதனைக் கண்டறியும் வழி.

இவ்விரு தமிழ் வடிவங்களுக்கும் இடையே நுட்பமான பொருள்வேறுபாடு உண்டு. 'அவர் இறந்த செய்தி' என்னும்போது, இறப்பு நிகழ்ந்துவிட்டது எனப் பேசுவோர் ஏற்றுக்கொண்டு பேசுகிறார். 'அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி' என்னும்போது, அச்செய்தி மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். 'அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி பொய்யானது' என்று எழுதுவது இயல்பாக உள்ளது. 'அவர் இறந்த செய்தி பொய்யானது' என்று எழுதினால் காதுக்கு இடறுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1897ஆம் ஆண்டு இலண்டனில் தங்கியிருந்தபோது, அவர் இறந்துவிட்டதாகவும் இறக்கும் நிலையில் உள்ளதாகவும் வதந்தி எழுந்தது. நியூயார்க் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் அவரிடமே அதுபற்றி வினவினார். நோயுற்றிருந்தவர் தம் உறவினர் ஒருவர் என்றும், தம் இறப்பைப் பற்றிய செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்றும் அவர் விடையெழுதினார். அதன்பின் 1910ஆம் ஆண்டுவரை அவர் வாழ்ந்தார். இந்நிகழ்வைத் தமிழில் எழுதுவோர் 'அவர் இறந்த செய்தி' என எழுதுதல் கூடாது. 'அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தி' என்றே எழுதவேண்டும். ஓர் இடைச்சொல்லை விட்டுவிட்டால், உயிரோடிருப்பவர் இறந்தவராகிவிடுவார்.

'என்' என்னும் வினையும் 'தட்' என்னும் சுட்டும்

'என்ற', 'என்கிற', 'என்னும்' ஆகிய மூன்றும் 'சொல்' என்னும் பொருளுடைய 'என்' என்ற வினையடியிலிருந்து பிறந்த பெயரெச்சங்கள். வடிவத்தால் இவை முறையே இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் காட்டுவன. ஒட்டுத்தொடரில் வரும்போது இவற்றின் காலப்பொருள் மங்கிவிடுகிறது. 'நாளை வருவார் என்ற செய்தி' என்பதில் 'என்ற' இறந்தகால வடிவம், நிகழ்ச்சியோ எதிர்காலத்தது. காலத்தைக் காட்டும் பணியை 'வருவார்' என்னும் வினைமுற்றே செய்கிறது.

சொல்லுதலைக் குறிக்கும் வினை, தொடர்களை இணைக்கும் இடைச்சொல்லாக வளர்வது தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் 'அனி', மலையாளத்தில் 'என்னு', கன்னடத்தில் 'எந்து' ஆகியன இவ்வாறு அமைந்தவை. வேறு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த வங்காளத்தின் 'போலே', சிங்களத்தின் 'கியலா' ஆகியவையும் சொல்லுதல் என்னும் பொருளிலிருந்து வளர்ந்தவையே.

ஆங்கிலத்தின் 'தட்' வேறொரு வழியில் வந்தது. அது தொடக்கத்தில் 'அது' என்னும் பொருளுடைய சுட்டுச்சொல்; இன்றும் சுட்டாக வழங்குகிறது. ஆங்கிலம் கருத்தைச் சுட்டிக்காட்டி இணைக்கிறது. தமிழ் கருத்தைச் சொல்லிக்காட்டி இணைக்கிறது. அதனால்தான் தமிழ் ஒட்டுத்தொடரில் வினைமுற்று தன் முழுவடிவோடு நிற்கிறது. ஒருவர் கூறிய கூற்றை அப்படியே எடுத்துவைத்து, 'என்ற' எனச் சேர்த்து, அதற்கு ஒரு பெயரும் இடுகிறது தமிழ்.

தலைப்பெயரின் பொறுப்பு

ஒட்டுத்தொடர் எதனைக் கூறுகிறதோ, அதனை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பதைத் தலைப்பெயரே அறிவிக்கிறது. 'அவர் பணம் பெற்றார்' என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம்.

அவர் பணம் பெற்றார் என்ற உண்மை
அவர் பணம் பெற்றார் என்ற தகவல்
அவர் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டு
அவர் பணம் பெற்றார் என்ற வதந்தி

நான்கிலும் ஒட்டுத்தொடர் ஒன்றே. முதலாவதில் எழுதுபவர் அதற்குத் தாமே பொறுப்பேற்கிறார். இரண்டாவதில் பொறுப்பேற்காமலும் மறுக்காமலும் நிற்கிறார். மூன்றாவதில் கூறியவர் வேறொருவர் என்றும், அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் உணர்த்துகிறார். நான்காவதில் அதனை நம்பவேண்டா எனக் குறிப்பால் கூறுகிறார். நீதிமன்றத் தீர்ப்பு வருமுன் 'குற்றச்சாட்டு' என்னும் சொல்லுக்கு மாற்றாக 'உண்மை' என்று எழுதினால், ஒருவரைச் சான்றின்றிக் குற்றவாளியாக்கிய பிழை நேரும். நற்பெயர் ஒன்று ஒரு பெயர்ச்சொல்லால் காக்கப்படவும் கூடும், அழிக்கப்படவும் கூடும்.

கோரிக்கை, கட்டளை, தீர்மானம் போன்றவை வேறு வகையின. இவை நிகழ்ந்ததைக் கூறாமல் நிகழவேண்டியதைக் கூறும். எனவே, தமிழில் ஒட்டுத்தொடரின் இறுதியில் 'வேண்டும்' பெரும்பாலும் வரும். 'அவர் பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கை' என்பது எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் இவ்விடத்தில் வினைச்சொல்லின் வடிவமே மாறும். 'தி டிமாண்ட் தட் ஹி ரிசைன்' என்பதே முறையான எழுத்துநடை. படர்க்கை ஒருமைக்குரிய விகுதி சேர்த்து 'ரிசைன்ஸ்' என எழுதினால், அவர் பதவி விலகுகிறார் என்னும் நிகழ்ச்சிப்பொருள் தோன்றி, கோரிக்கைப் பொருள் மங்கிவிடும்.

கருதுகோளா, உண்மையா?

தலைப்பெயரைத் தேர்ந்தெடுப்பது எத்துணைப் பெரிய பூசலுக்குக் காரணமாகலாம் என்பதற்கு வானியல் வரலாறு சான்றாகும். பூமியே அண்டத்தின் நடுவில் அசையாது நிற்கிறது என்ற கொள்கையைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி விரிவாக நிறுவினார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அது ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகக் கருதப்பட்டது.

போலந்து நாட்டு அறிஞர் கோப்பர்நிக்கசின் நூல் 1543ஆம் ஆண்டு அச்சாயிற்று. பூமி சூரியனைச் சுற்றுகிறது என அந்நூல் விளக்கியது. அச்சுப்பணியை மேற்பார்வையிட்ட ஒசியாண்டர் என்னும் சமய அறிஞர், தம் பெயரைக் குறிப்பிடாமல் நூலின் தொடக்கத்தில் ஒரு முன்னுரையைச் சேர்த்தார். நூலில் கூறப்பட்டவற்றைக் கணக்கிடுதற்கு உதவும் கருதுகோளாகக் கொண்டால் போதும், உண்மையாகக் கொள்ளவேண்டியதில்லை என்பது அதன் சாரம். கோப்பர்நிக்கசு அவ்வாண்டே மறைந்தார். பெயரற்ற அம்முன்னுரையை அவரே எழுதியதாகப் பலர் எண்ணினர். அதனை எழுதியவர் ஒசியாண்டரே என்பதை வானியலறிஞர் கெப்ளர் 1609ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் வெளிப்படுத்தினார்.

இத்தாலிய அறிஞர் கலீலியோவின் வழக்கும் இதனோடு தொடர்புடையது. பூமி சுழல்கிறது என்பதை ஒரு கருதுகோளாக மட்டும் பேசுவதற்குத் திருச்சபையினர் பெரும்பாலும் தடைகூறவில்லை. அதனை உண்மையெனக் கொள்வதும் உண்மையென வாதிடுவதுமே குற்றமெனப்பட்டன. கலீலியோவின் உரையாடல் நூல் 1632ஆம் ஆண்டு வெளிவந்தது. 1633ஆம் ஆண்டு அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு, தம் கொள்கையைக் கைவிடுவதாக உறுதிகூறச் செய்யப்பட்டார். 1642ஆம் ஆண்டு மறையும்வரை வீட்டுக்காவலிலேயே வாழ்ந்தார். 'பூமி சுழல்கிறது' என்னும் ஒட்டுத்தொடர் மாறவேயில்லை. அதன்பின் வரவேண்டிய தலைப்பெயர் 'கருதுகோள்' என்பதா, 'உண்மை' என்பதா என்பதே வழக்கின் உள்ளீடாக இருந்தது.

அறிவியலின் வளர்ச்சியில் தலைப்பெயர்கள் இவ்வாறு மாறிக்கொண்டே வருகின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தைச் செருமானிய அறிஞர் வெகனர் 1912ஆம் ஆண்டு முன்வைத்தபோது, அது பலரால் வெறும் ஊகம் என ஒதுக்கப்பட்டது. அவர் 1930ஆம் ஆண்டு கிரீன்லாந்துப் பயணத்தில் மறைந்தார். 1960களில் கடலடித்தரை பற்றிய ஆய்வுகள் பெருகிய பின்னரே, கண்டங்கள் நகர்கின்றன என்பது நிலைநாட்டப்பட்ட உண்மையாயிற்று. சான்று வளர வளரத் தலைப்பெயர் உயர்கிறது. சான்று தேயத் தேயத் தாழ்கிறது.

மொழிபெயர்ப்பில் கவனம்

ஆங்கிலத்தில் தலைப்பெயர் முதலில் வந்து ஒட்டுத்தொடர் பின்தொடர்கிறது. தமிழில் ஒட்டுத்தொடர் முதலில் வந்து தலைப்பெயர் பின்தொடர்கிறது. ஆகவே, மொழிபெயர்ப்போர் ஆங்கிலத் தொடரின் பிற்பகுதியிலிருந்து தொடங்கவேண்டும். முதலில் ஒட்டுத்தொடரை முழுத் தமிழ்த் தொடராக்குதல், பின்னர் 'என்ற' சேர்த்தல், அடுத்துத் தலைப்பெயரை வைத்தல், இறுதியில் முதன்மைத் தொடரின் பயனிலையை வைத்தல் என்னும் வரிசை பயன்தரும்.

ஒவ்வோர் ஆங்கில ஒட்டுத்தொடரையும் 'என்ற' கொண்டே மொழிபெயர்க்கவேண்டும் என்பதும் இல்லை. 'தி ஃபாக்ட் தட் ஷி வன் ப்ளீஸ்டு எவ்ரிஒன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'அவள் வென்றாள் என்ற உண்மை அனைவருக்கும் மகிழ்ச்சி அளித்தது' என்றாகும். தமிழ் மரபில் இதற்கு 'அவள் வென்றது அனைவருக்கும் மகிழ்ச்சி அளித்தது' என்பதே போதும். உண்மை என்பதை வலியுறுத்த வேண்டிய தேவை இல்லாதவிடத்து, தொழிற்பெயரே அப்பணியைச் செம்மையாகச் செய்யும். உண்மையா பொய்யா என்பதே பொருளாகும் இடத்தில் மட்டும் 'என்ற உண்மை' என எழுதுதல் தகும்.

ஒன்றனுள் ஒன்றாக ஒட்டுத்தொடர்கள் அடுக்கி வருமிடத்தும் கவனம் வேண்டும். 'மழை பொய்த்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது என்ற கருத்து தவறானது என்ற எண்ணம் பரவியது' என்பது இலக்கணப் பிழையற்ற தொடர்தான். ஆயினும், இறுதிச் சொல்லை அடையுமுன் படிப்பவர் தொடக்கத்தை மறந்துவிடுவார். இதனைப் பிரித்து, 'மழை பொய்த்துவிடும் எனப் பலர் அஞ்சினர். அவ்வச்சம் தேவையற்றது எனச் சிலர் கூறினர். அக்கருத்து தவறு என்னும் எண்ணமே பரவியது' என்று எழுதலாம். முன்தொடரில் கூறியதை 'அவ்வச்சம்', 'அக்கருத்து' எனச் சுட்டோடு கூடிய தலைப்பெயரால் எடுத்துக்கொள்வது தமிழ் உரைநடைக்கு இயல்பானது. இங்குச் சுட்டு, ஒட்டுத்தொடர் முழுவதையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது.

தொகுப்புரை

ஒட்டுத்தொடர் தலைப்பெயரின் உள்ளடக்கத்தைக் கூறுவது. பெயரெச்சத் தொடர் தலைப்பெயரை அடையாளம் காட்டுவது. ஆங்கிலத்தில் இரண்டையும் 'தட்' தொடங்கிவைப்பதால் ஆராய்ந்தே பகுத்தறிய வேண்டியுள்ளது. தமிழில் 'என்ற', 'என்னும்' ஆகியவை ஒட்டுத்தொடரைப் பெரும்பாலும் வெளிப்படையாகக் காட்டிவிடுகின்றன. பெயரெச்ச வடிவில் ஒட்டுத்தொடர் வருமாயின், அது கூறப்பட்டதை நிகழ்ந்ததாக ஏற்றுக்கொள்ளும்.

இலக்கண அறிவின் பயன் தேர்வுத்தாளோடு முடிவதில்லை. நாள்தோறும் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளுள் எவை உண்மை, எவை கூற்று, எவை வதந்தி என உரிய பெயரிட்டு அழைக்கத் தெரிந்தவரே பொறுப்புள்ள வாசகராகிறார். 'என்ற' என்பதை அடுத்து எழுதும் ஒரு சொல்லுக்கு எழுதுபவரே பொறுப்பு.

கற்பவை கற்றபின்

1. 'ஆசிரியர் கூறிய கருத்து', 'ஆசிரியர் வருவார் என்ற கருத்து' ஆகிய இரண்டனுள் ஒட்டுத்தொடர் எது? காரணம் தருக.

2. 'பாலம் திறக்கப்பட்ட செய்தி', 'பாலம் திறக்கப்பட்டது என்ற செய்தி' ஆகியவற்றிடையே உள்ள பொருள்வேறுபாட்டை விளக்குக.

3. 'தேர்வு தள்ளிவைக்கப்பட்டது' என்னும் கூற்றோடு அறிவிப்பு, வதந்தி, நம்பிக்கை, கோரிக்கை ஆகிய தலைப்பெயர்களைச் சேர்த்துத் தொடர்கள் அமைக்க. எத்தலைப்பெயருக்கு ஒட்டுத்தொடரின் வினைமுற்றை மாற்றவேண்டியுள்ளது என்பதைக் குறிப்பிடுக.

4. ஒரு நாளிதழின் முதற்பக்கத்தில் 'என்ற', 'என்னும்' வரும் தொடர்களைத் தொகுத்து, அவற்றின் தலைப்பெயர்களைப் பட்டியலிடுக. எழுதியவர் எவற்றுக்குத் தாமே பொறுப்பேற்கிறார், எவற்றைப் பிறர் கூற்றாக வைக்கிறார் என வகுப்பறையில் கலந்துரையாடுக.

5. உங்கள் ஆங்கிலப் பாடநூலிலிருந்து 'தட்' வரும் ஐந்து தொடர்களைத் தேர்ந்தெடுத்து, இப்பாடத்தில் கூறப்பட்ட வழிகளால் ஆராய்ந்து, ஒட்டுத்தொடர்களை மட்டும் தமிழில் மொழிபெயர்க்க.